சாரல் அடித்தால் கரண்ட் பில் ஏன் குறைகிறது?
வீட்டு மின்செலவைப் புள்ளியியல் கொண்டு முன்கூட்டிக் கணித்தல்

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை)



மின்மாற்றி, தூண்டல் மோட்டார், ரிலே என்று பெரிய பெரிய சாதனங்களைப் பற்றி நம் துறை நண்பர்கள் எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்டது வீட்டு மீட்டர் பெட்டிக்குள் செருகிக் கிடக்கும் ஈ.பி. அட்டை. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் அதில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார். அந்த வரியில் எவ்வளவு ரூபாய் என்பதை மட்டும் பார்த்துவிட்டு அட்டையை மறுபடி செருகி விடுகிறோம். அதிலுள்ள பழைய வரிகளைச் சேர்த்துப் படித்தால் அடுத்த வரியில் என்ன வரும் என்று ஓரளவு சொல்லிவிட முடியும். அது எப்படி என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் தாண்டவில்லை. அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறாள். ஆச்சிக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் போடுகிறாள். ஆஸ்பத்திரியில் தரும் மருந்தைத் துணியில் சுற்றி, மண்பானைத் தண்ணீருக்குள் சின்ன டப்பாவில் வைத்து வந்தோம். கோடை வந்தால் பானைத் தண்ணீரே வெதுவெதுவென்று ஆகிவிடும். 2025 தொடக்கத்தில் அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏல, கரண்டுக்குத்தானே படிக்கே? பழைய பிரிட்ஜ் ஒண்ணு வாங்குனா பில்லு எவ்வளவு ஏறும்னு சொல்லு பாப்போம்" என்றார். விற்க வந்தவர் மாதம் அம்பது ரூபாய்தான் கூடும் என்று சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டில், ஆயிரம் ரூபாய் வரும், வேண்டவே வேண்டாம் என்று பயமுறுத்தினார்கள். இரண்டில் எது சரி?

முதலில் அட்டையை எடுத்தேன். இரண்டு ஆண்டுகளின் 12 ரீடிங் கிடைத்தது. ரீடிங் எடுப்பது சில தடவை 58ஆம் நாள், சில தடவை 63ஆம் நாள் என்று மாறும். அப்படியே ஒப்பிட்டால் தவறாகிவிடும். எனவே யூனிட்டை நாட்களால் வகுத்து 60ஆல் பெருக்கிக்கொண்டேன். 63 நாளில் 220 யூனிட் என்றால் 60 நாளுக்கு 209.5 யூனிட். சின்னத் திருத்தம்தான், ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. புள்ளிகளை முழு எண்ணாக்கிய பிறகு வந்த பட்டியல் இது.

2023ஆம் ஆண்டு: பிப்ரவரி 148, ஏப்ரல் 196, ஜூன் 214, ஆகஸ்ட் 142, அக்டோபர் 176, டிசம்பர் 150.
2024ஆம் ஆண்டு: பிப்ரவரி 154, ஏப்ரல் 210, ஜூன் 211, ஆகஸ்ட் 146, அக்டோபர் 195, டிசம்பர் 152.

இவை ரீடிங் எடுத்த மாதங்கள். ஜூன் முதல் வாரத்தில் எடுத்த ரீடிங் என்றால் அது ஏப்ரல், மே மாதச் செலவு. இதை மறந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

பன்னிரண்டையும் கூட்டினால் 2094. சராசரி 174.5 யூனிட். சரி, அடுத்த பில்லுக்கு 174 அல்லது 175 என்று சொல்லிவிடலாமா? அதற்கு முன் திட்ட விலக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரீடிங்கிலிருந்தும் சராசரியைக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9135. பன்னிரண்டில் ஒன்று குறைத்து 11ஆல் வகுத்தால் ஏறக்குறைய 830. அதன் வர்க்கமூலம் 28.8. அதாவது சராசரியைச் சொன்னால் மேலேயோ கீழேயோ சுமார் 29 யூனிட் தள்ளிப் போவது சகஜம். பட்டியலைப் பாருங்கள், 170க்கும் 180க்கும் இடையில் ஒரே ஒரு ரீடிங்தான் இருக்கிறது. சராசரி வீடு என்று ஒன்று எங்கள் தெருவில் கிடையாது, எங்கள் வீடும் அப்படி இல்லை.

ஜூன் ரீடிங்கையும் ஆகஸ்ட் ரீடிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2024இல் 211, அப்புறம் 146. 65 யூனிட் எங்கே போயிற்று?

தென்காசிக்காரர்களுக்கு இதற்கு விடை சொல்லித் தர வேண்டியதில்லை. ஜூன் பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வந்துவிடும். குற்றாலத்தில் அருவி கொட்ட, தென்காசி வரைக்கும் சாரல் அடிக்கும். ராத்திரி போர்வை தேடும் நேரத்தில் பேன் எதற்கு? எங்கள் வீட்டில் இரண்டு பேன், ஒவ்வொன்றும் 75 வாட். இரண்டும் இரவு 7 மணி நேரம் நின்றால் ஒரு நாளைக்கு 1.05 யூனிட் மிச்சம். 60 நாளுக்கு 63 யூனிட். காணாமல் போன 65க்கு இது கிட்டத்தட்ட நேர். சென்னையில் ஜூன் மாதமும் வெயில் கொளுத்தும். அங்கே இருக்கும் வீட்டின் பருவக் கணக்கை வைத்து நம் ஊர் வீட்டுக்குப் பில் சொல்லக்கூடாது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே சென்ற ரீடிங்கையோ மொத்தச் சராசரியையோ பார்க்காமல், சென்ற ஆண்டு அதே பருவத்தின் ரீடிங்கைப் பார்க்க வேண்டும். 2023க்கும் 2024க்கும் பருவம் பருவமாக வித்தியாசம் எடுத்தால் 6, 14, கழித்தல் 3, 4, 19, 2. கூட்டினால் 42, சராசரி 7. இந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 8.1 மட்டுமே. 29 எங்கே, 8 எங்கே! புது மீட்டரோ கம்ப்யூட்டரோ வாங்காமல், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை மாற்றியதாலேயே கணிப்பின் தடுமாற்றம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே இன்னும் நுட்பமாகச் செய்பவர்கள் உண்டு. 1957இல் ஹோல்ட் என்பவரும் 1960இல் அவருடைய மாணவர் விண்டர்ஸ் என்பவரும் கொடுத்த முறையில் மட்டம், ஏறுமுகம், பருவம் மூன்றையும் தனித்தனியாக வைத்து, ஒவ்வொரு புது ரீடிங் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போவார்கள். எக்செல்லில் போடலாம். ஆனால் பன்னிரண்டே ரீடிங் வைத்துக்கொண்டு அதைப் போடுவது, கொசு அடிக்கக் கோடாலி எடுத்த மாதிரி.

2025 ஜூன் ரீடிங்குக்குப் பிரிட்ஜ் இல்லாமல் என் கணிப்பு: 211 கூட்டல் 7, ஆக 218. எவ்வளவு ஏற இறங்க வரலாம் என்றும் சொல்ல வேண்டும். நம் பாடப் புத்தகத்தில் சொன்னபடி திட்ட விலக்கத்தை இரண்டால் பெருக்கினால் 16. ஆனால் என் கையில் இருப்பது ஆறே ஆறு வித்தியாசம். இந்த இடத்தில் காசெட் என்பவரை நினைக்க வேண்டும். அவர் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். கொஞ்சம் மாதிரிகளை வைத்தே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. 1908இல் தன் ஆய்வைச் சொந்தப் பெயரில் போடாமல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். அதனால்தான் இன்றும் ஸ்டூடன்ட் அட்டவணை என்கிறோம். (மாணவன் பெயரில் உலகப் புகழ் பெற்ற ஒரே அட்டவணை இதுவாகத்தான் இருக்கும்!) அந்த அட்டவணையில் ஆறு மாதிரிக்கு 95 சதவீத மதிப்பு 2.571. சராசரியே ஆறு எண்ணில் எடுத்தது என்பதற்காகவும் சிறிது கூட்டினால் 22 யூனிட் வருகிறது. எனவே 196 முதல் 240 வரை. தகவல் குறைவாக இருந்தால் எல்லையை அகலமாகச் சொல்வதே நேர்மை.

அடுத்தது பிரிட்ஜ். பெரியம்மா வீடு குற்றாலத்தில். அங்கே இருக்கும் பிரிட்ஜும் நாங்கள் வாங்க நினைத்த ரகம்தான். மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை மின்னலுக்கு ஒரு யூனிட் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். மீட்டருக்கு மீட்டர் மாறும், பெரியம்மா வீட்டில் 3200. மற்ற சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு உட்கார்ந்து எண்ணினேன். கம்ப்ரசர் ஓடும்போது நிமிடத்துக்கு 7 மின்னல். மணிக்கு 420. அதை 3200ஆல் வகுத்தால் 0.131 யூனிட், அதாவது 131 வாட். 12 நிமிடம் ஓடி 24 நிமிடம் நின்றது. ஆக மூன்றில் ஒரு பங்கு நேரமே ஓட்டம். ஒரு நாளைக்கு 131 வாட் வீதம் 8 மணி நேரம், 1.05 யூனிட். இரண்டு மாதத்துக்கு 63 யூனிட். பெரியம்மா, "மின்விளக்க எண்ணுனா சம்பளம் தருவாங்களாய்யா?" என்று கேட்டாள். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வாட்டை மட்டும் எடுத்து 24 மணி நேரத்தால் பெருக்குபவர்கள் மூன்று மடங்கு கூட்டிச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஆயிரம் ரூபாய் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்.

புதுதில்லியில் உள்ள மத்திய மின்சார ஆணையம் மின்திறன் ஆய்வு என்ற பெயரில் நாடு முழுவதற்கும் எதிர்காலத் தேவையைக் கணிக்கிறது. 20ஆவது அறிக்கை 2022இல் வந்தது. வீடு, வயல், தொழிற்சாலை என்று பயன்பாட்டு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே கணித்து, பிறகு கூட்டுவது அவர்கள் வழி. பேன் இவ்வளவு, பிரிட்ஜ் இவ்வளவு என்று நாம் பிரித்ததும் அதே வழிதான், அளவுதான் வேறு.

யூனிட் தெரிந்துவிட்டது, ரூபாய்? அநேகர் வழுக்கி விழுவது இந்தப் படியில்தான். 2024 ஜூலை 1 முதல் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 201 முதல் 400 வரை 4.70. 401 முதல் 500 வரை 6.30.

218 யூனிட்டுக்கு 235 ரூபாயும் 18 யூனிட்டுக்கு 84.60 ரூபாயும் சேர்த்து 319.60. யூனிட்டுக்குச் சராசரி 1.47 ரூபாய். பிரிட்ஜின் 63 யூனிட்டை 1.47ஆல் பெருக்கினால் 92 ரூபாய் 61 காசு. விற்க வந்தவரின் "மாதம் அம்பது ரூபாய்" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? ஆனால் பிரிட்ஜின் 63 யூனிட்டும் ஏற்கெனவே உள்ள 218க்கு மேல்தான் ஏறி உட்காரும். முழுவதும் 4.70 படியில். 296 ரூபாய் 10 காசு. மாதம் 148 ரூபாய். மொத்த பில் 615.70.

அதே பிரிட்ஜ் சாரல் காலத்தில் எவ்வளவு? ஜூன், ஜூலை மாதக் கணிப்பு 146 கூட்டல் 7, ஆக 153 யூனிட். 200 வரைக்கும் 47 யூனிட் இடம் இருக்கிறது, அது 2.35 படி. மீதி 16 யூனிட்தான் 4.70 படி. ஆக 185 ரூபாய் 65 காசு. ஒரே பிரிட்ஜ், ஒரே 63 யூனிட், கோடையில் 296, சாரலில் 186. இதனால்தான் யூனிட்டை நன்றாகக் கணித்தால் போதாது, அந்த யூனிட் எந்தப் படியில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அப்பாவிடம், "கோடைக்கு மாசம் நூத்தம்பது, சாரலுக்கு நூறுக்குள்ள" என்று சொன்னேன். அம்மா பீடிக் கணக்கில் யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்றாள். மார்ச் கடைசியில் பிரிட்ஜ் வந்தது.

பெரியம்மா வீட்டுக் கதை வேறு. குற்றாலம் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான், சாரலும் அங்கே இன்னும் பலம். பேன் நிற்க வேண்டும், பில் குறைய வேண்டும். ஆனால் நடப்பது நேர் எதிர். சீசன் வந்தால் மதுரை, விருதுநகர், தூத்துக்குடி என்று எல்லா ஊர் சொந்தமும் குளிக்க வந்துவிடும். மோட்டார் நாலு தடவை ஓடும், கிரைண்டர் தினமும் ஓடும், ஈரத்துணி காயப் பேனும் ஓடும். ஆகஸ்ட் ரீடிங் 2022இல் 452, 2023இல் 470, 2024இல் 511, 2025இல் 487. எங்கள் வீட்டு வரைபடத்தில் பள்ளம் விழும் இடத்தில் அவர்கள் வீட்டில் மேடு. இரண்டு வீட்டையும் கூட்டி ஒரே படமாகப் போட்டால் பள்ளமும் மேடும் ஒன்றை ஒன்று அடித்துவிட்டு, பருவமே இல்லாத வீடு போலத் தெரியும்.

இங்கேதான் 500 என்ற எண் வில்லனாக வருகிறது. 500 யூனிட்டுக்கு பில் 1805 ரூபாய். 501 ஆனால் சலுகைப் படிகள் போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.80, அடுத்த 100க்கு 6.45, 501ஆவது யூனிட்டுக்கு 8.55. மொத்தம் 2093.55. ஒரே ஒரு யூனிட்டுக்காக 288 ரூபாய் 55 காசு! பெரியம்மா வீட்டு நான்கு சீசனின் சராசரி 480. 500க்குள்தானே என்று சராசரி சமாதானம் சொல்லும். திட்ட விலக்கம் 25. வரம்புக்கு 20 யூனிட்தான் தூரம், அதாவது 0.8 திட்ட விலக்கம். இயல்நிலை அட்டவணைப்படி தாண்டும் வாய்ப்பு 21 சதவீதம். நான்கே ரீடிங் என்பதால் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. நாலு சீசனுக்கு ஒரு தடவை பெரியம்மாவுக்கு 300 ரூபாய் போலத் தண்டம் என்று அர்த்தம்.

"அதுக்காக வந்தவங்கள குளிக்காம போகச் சொல்லவா முடியும்?" என்றாள் பெரியம்மா. முடியாதுதான். ஆனால் 40ஆம் நாளில் மீட்டரைப் பார்த்துக் கழித்து, 340 யூனிட் ஓடியிருந்தால் நாளுக்கு 8.5 வீதம் 60ஆம் நாளில் 510 ஆகும் என்று சொல்லிவிடலாம். மீதி 20 நாளில் நாளுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே குறைத்தால் போதும். மோட்டாரை ஒரு தடவை குறைவாகப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. இப்போது காலண்டரில் ஆவணிக்கு முன் ஒரு தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

நம் இரண்டு வீட்டுக் கதையை மாநில அளவில் பெருக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடை உச்சம். ஜூனில் நம் பக்கம் பேன்கள் ஓய, அதே கணவாய்க் காற்று காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. தேவை இறங்கும் நேரத்தில் காற்று மின்சாரம் ஏறுகிறது. இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லத் தெரியாவிட்டால் எந்த நிலையத்தை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்று தடுமாற வேண்டியதுதான்.

பழைய அட்டை கிடைத்தால் எல்லா வரியையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக்கூடாது. 2012இல் வெளிமாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. எங்கள் வீட்டுப் பழைய அட்டையில் அந்த ஆண்டுக் கோடை ரீடிங் சாரல் ரீடிங் அளவுக்குத்தான் இருக்கிறது. வேர்த்துக் கொட்டிக்கொண்டுதான் படுத்திருந்தோம் என்கிறாள் ஆச்சி. செலவு குறைந்ததால் தேவை குறைந்தது என்று அந்த எண்ணைப் படிக்க முடியாது, கரண்ட் இல்லை, அவ்வளவுதான். அதேபோல் 2020 ஊரடங்கில் பல இடங்களில் ரீடிங் எடுக்க வர முடியாமல், முந்தைய தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாத யூனிட்டை மொத்தமாக எடுத்து இரண்டாகப் பிரித்தார்கள். கோடையும் சாரலும் கலந்து பாதி பாதியானால் பருவக் கணக்குக்கு அந்த வரிகள் உதவாது. 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் பொருள் வந்த வீடுகளில், வந்த மாதத்துக்கு முன்பும் பின்பும் தனித்தனிப் பட்டியல் போட வேண்டும்.

கணிப்பு எப்படிப் பலித்தது என்று கேட்பீர்கள். 2025 ஜூன் ரீடிங்குக்குச் சொன்னது 281, வந்தது 273. ஆகஸ்டுக்குச் சொன்னது 216, வந்தது 221. அக்டோபருக்குச் சொன்னது 265, வந்தது 304! எல்லைக்கு வெளியே. காரணத்தைத் தேட மீட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ராத்திரி முழுக்க லைட், குழந்தைக்குத் தனிப் பேன், பார்க்க வருபவர்கள் கூட்டம். இது 2023 அட்டையிலும் இல்லை, 2024 அட்டையிலும் இல்லை. எந்தச் சூத்திரத்துக்கும் அக்கா வரப்போவது தெரியாது. வீட்டில் இருப்பவனுக்குத்தான் தெரியும். கூடுதலாக வந்த 39 யூனிட்டை அக்கா கணக்கு என்று எழுதிவைத்து, டிசம்பருக்குச் சூத்திரம் சொன்ன 222ஓடு கூட்டி 261 என்று அம்மாவிடம் சொன்னேன். 256 வந்தது. அம்மா எடுத்து வைத்திருந்த பணத்தில் பால் வாங்கவும் மிச்சம் இருந்தது. ஆச்சியின் மருந்து இப்போது பிரிட்ஜ் கதவில் முட்டைக் குழியில் இருக்கிறது.

செய்து பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு: அட்டை தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம், மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து மின்வாரிய இணையதளத்தில் பழைய ரீடிங்கைப் பார்க்கலாம். இரண்டு ஆண்டு ரீடிங் போதும். கால்குலேட்டர் நம் எல்லோரிடமும் இருக்கிறது. மீட்டர் விளக்கை எண்ணும்போது மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு எண்ணுங்கள், இல்லையென்றால் நடுவில் யாராவது மிக்ஸியைப் போட்டுவிடுவார்கள்.